அண்மைக்கால மர்மம், திரில்லர், காதல் நாவல்கள்: கடைசித் திருப்பம் மட்டும் போதுமா?

வடசேரி வாசகி எழுதியது:

மர்ம நாவலை முடித்த கையோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கங்களைப் படித்தால் எழுத்தாளரின் நேர்மை தெரிந்துவிடும். தடயத்தைக் கண்ணெதிரே வைத்துவிட்டு, நம் கவனத்தை வேறு பக்கம் இழுத்திருந்தால் அவருக்கு என் வணக்கம். தடயமே இல்லாமல் கடைசி முப்பது பக்கங்களில் புதிதாக ஓர் உறவுக்காரரும் பழைய பகையும் வந்து இறங்கினால் கோபம் வருகிறது. அண்மையில் படித்த திரில்லர்களில் பல இந்தக் கோபத்தைத்தான் கொடுத்தன. அதைப் பேசவே இந்த இழை.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்கிறேன். கெய்கோ ஹிகாஷினோவின் 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' ஜப்பானில் 2005இல் வந்தது. கொலையைச் செய்தது யார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். முன்னாள் கணவனின் தொல்லை தாங்காத பெண் அவனைக் கொன்றுவிடுகிறாள். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் கணித ஆசிரியர் அவளைக் காப்பாற்ற முன்வருகிறார். இனி என்ன மர்மம் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். அந்த ஆசிரியர் காவல்துறையின் முன்னால் வைத்த கணக்கு என்ன என்பதுதான் மர்மம். விடை அவிழும்போது, அது முழுக்க முழுக்க நமக்கு ஏற்கெனவே காட்டப்பட்ட செய்திகளிலிருந்தே பிறந்திருக்கிறது என்று புரிகிறது. புத்தகத்தை மூடிய பிறகுதான் நான் படித்தது ஒரு காதல் கதையும்கூட என்று உறைத்தது. இரண்டு நாட்கள் வேறு புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை.

அலெக்ஸ் மைக்கேலிடீஸின் 'த சைலண்ட் பேஷண்ட்' (2019) நன்றாகவே தொடங்குகிறது. கணவனைச் சுட்டுவிட்டு அதற்குப் பிறகு ஒரு சொல்கூடப் பேசாத ஓவியர். அவரைப் பேசவைக்கத் துடிக்கும் மனநலச் சிகிச்சையாளர். இதைவிட வலுவான தொடக்கம் கிடைப்பது கடினம். திருப்பமும் வேலை செய்கிறது. ஆனால் அந்தத் திருப்பம் மனிதர்களின் உள்ளத்திலிருந்து வருவதைவிட, அத்தியாயங்களை அடுக்கிய விதத்திலிருந்தே வருகிறது. மறுபடி படிக்க உட்கார்ந்தபோது அந்த ஓவியரைப் பற்றி எனக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

ஃப்ரீடா மெக்ஃபேடனின் 'த ஹவுஸ்மெய்ட்' (2022) பற்றி எனக்கு இரண்டு மனம். சிறையிலிருந்து வந்த, எங்கும் வேலை கிடைக்காத பெண். வெளிப்புறத்திலிருந்து மட்டுமே பூட்டக்கூடிய மாடியறை. அந்தக் கதவைப் பார்த்த பிறகும் அவள் ஏன் அங்கேயே தங்குகிறாள் என்பதற்கு அவளுடைய வறுமை காரணமாக இருக்கிறது. அந்த முதற்பாதி எனக்குப் பிடித்தது. பிற்பாதியில் ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அதிர்ச்சியில் முடிந்தாக வேண்டும் என்ற அவசரம் மனிதர்களை மிதித்துக்கொண்டு ஓடுகிறது.

நம் மாத நாவல்களையும் விடாமல் படிக்கிறேன். இரண்டு தனித்தனிக் கதைகளை மாறி மாறி ஓடவிட்டு, கடைசியில் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கும் ராஜேஷ்குமாரின் முறை எனக்கு இன்றும் சலிக்கவில்லை. இரண்டும் எங்கே தொடும் என்று தேடுவதே வாசகருக்கான வேலையாகிவிடுகிறது. அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் பலர், சந்திக்கும் புள்ளியை மட்டும் தற்செயலிடம் விட்டுவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்காரியாக இன்னொரு வருத்தமும் உண்டு. திரில்லர் எழுதுகிறவர்களுக்குக் கன்னியாகுமரி என்றால் சூரிய உதயம், 133 அடி வள்ளுவர் சிலை, பாறையில் ஒதுங்கிய ஒரு சடலம். அவ்வளவுதான். கதை உடனே சென்னைக்குப் போய்விடுகிறது. அந்தச் சடலத்தைக் கோவளத்திலோ கோவாவிலோ ஒதுக்கினாலும் கதையில் ஒரு வரி மாறாது. இடம் கதைக்குள் வேலை செய்ய வேண்டாமா? நீங்கள் எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள்?

குழித்துறை இரவுவாசகன் எழுதியது:

அக்கா, முழுக்க உடன்படவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவன் நான். நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும் நேரத்தில் என்னைப் பிடித்து வைத்திருக்கும் புத்தகம்தான் எனக்கு வேண்டும். 'த ஹவுஸ்மெய்ட்' என்னை இரவு இரண்டு மணிவரை தூங்கவிடவில்லை. கல்லூரி முடிந்த பிறகு புத்தகத்தையே தொடாத என் நண்பர்கள் மூன்று பேர் அதைப் படித்தார்கள். அடுத்த பாகத்தையும் தேடிப் போனார்கள். அதிர்ச்சியில் முடியும் அத்தியாயம் ஒரு குற்றமா? அதுவும் ஒரு கைத்தொழில்தான். வேகமாக எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.

எல்லாப் புத்தகத்தையும் இரண்டாம் முறை படிக்க வேண்டும் என்ற அளவுகோல் எனக்குப் பொருந்தாது. ஒரு முறை முழுதாக என்னை ஆட்கொண்டால் அந்தப் புத்தகம் தன் கடனைத் தீர்த்துவிட்டது.

வடசேரி வாசகி எழுதியது:

வேகத்தின்மேல் எனக்குப் பகை இல்லை, தம்பி. அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய 'அண்ட் தென் தேர் வேர் நன்' எந்த இன்றைய திரில்லரையும்விட வேகமானது. ஒரு தீவு, பத்துப் பேர், வெளியேற வழியில்லை. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அந்த வேகத்திலும் ஒவ்வொருவருடைய பழைய பாவமும் அவருக்கேற்ற அச்சமாக வெளியே வருகிறது. வேகமும் மனிதர்களும் சேர்ந்து இருக்க முடியும் என்று அவர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார். அதனால்தான் இன்று குறைவாகக் கொடுப்பவர்களிடம் கூடுதலாகக் கேட்கிறேன்.

உங்கள் நண்பர்கள் மறுபடி படிக்கத் தொடங்கியது உண்மையிலேயே மகிழ்ச்சி. அவர்களிடம் அடுத்ததாக ஹிகாஷினோவைக் கொடுங்கள்.

தக்கலை வக்கீல் எழுதியது:

மக்களே, நான் நாற்பது ஆண்டுகளாக நீதிமன்றப் படியேறியவன். மர்ம நாவல்களைக் கீழே வைக்க வைப்பது எனக்குத் திருப்பங்கள் அல்ல, சட்டப் பிழைகள்தான்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்குரிய தண்டனைப் பிரிவு இப்போது 103. இன்னமும் இன்று நடப்பதாக எழுதப்படும் கதைகளில் ஆய்வாளர் '302இல் வழக்குப் பதிவு செய்யுங்கள்' என்று உத்தரவிடுகிறார். சந்தேக மரணத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, புதியதில் 194. ஒரு நுட்பம் உண்டு: 2024 ஜூலைக்கு முன் நடந்த கொலை என்றால் அதற்கு இன்றும் பழைய 302தான். இந்த ஒரு நுட்பத்தை வைத்தே நல்ல கதை எழுதலாம். கொலை ஜூன் 30 இரவா, ஜூலை 1 விடியற்காலையா என்று தெரியாத வழக்கை நினைத்துப் பாருங்கள். இறந்த நேரத்தைக் கணிப்பதே வழக்கின் அச்சாணியாகிவிடும்.

அதைவிடப் பெரிய பிழை, கடைசி அத்தியாயத்தின் ஒப்புதல் வாக்குமூலம். காவல் நிலையத்தில் அதிகாரி குரலை உயர்த்துகிறார், குற்றவாளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்கிறான், கதை முடிந்தது. காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சான்றாகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் அதைத்தான் சொன்னது. புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். ஆகவே கத்தி எந்தக் குளத்தில் கிடக்கிறது என்பது அவன் அழுததைவிட முக்கியம். எழுத்தாளர்கள் இதை அறிந்திருந்தால் கடைசி அத்தியாயம் தானாகவே நன்றாக அமையும். துப்பறிவாளர் தடயத்தைத் தேடியே ஆக வேண்டிவரும்.

வாசகி கேட்ட இடம் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. இங்குள்ள பல குடும்பங்களின் பழைய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. இன்றைய பேரப்பிள்ளைகளால் அவற்றை வாசிக்க முடியாது. பெட்டியில் கிடக்கும் பத்திரம் என்ன சொல்கிறது என்று தெரியாமலே சண்டையிடும் வாரிசுகளை என் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொலைக்கான காரணம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. யாராவது எழுதினால் நான் முதல் பிரதியை வாங்கிக்கொள்வேன்.

குலசேகரம் ரப்பர்காடு எழுதியது:

வக்கீல் சார் சொன்னதைப் படித்ததும் எனக்கும் ஒன்று தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு கொலைக்கதை எழுதினால் நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பு மரத்தில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போதுதான் பால் நன்றாக ஒழுகும். வெட்டி முடித்து, சில மணி நேரம் கழித்துச் சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுப்பார்கள். எடுக்காமல் விட்டால் அது உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும்.

இப்போது ஒருவர் தோட்டத்தில் இறந்து கிடக்கிறார் என்று வையுங்கள். எத்தனை மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, எந்த வரிசையோடு வெட்டு நிற்கிறது, சிரட்டையில் பால் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தாலே அவர் எத்தனை மணிவரை உயிரோடு வேலை செய்தார் என்று எங்கள் ஊரில் எந்தத் தொழிலாளியும் சொல்லிவிடுவார். வெளியூரிலிருந்து வந்த அதிகாரிக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது. மழை நாள் என்றால் இன்னொரு கேள்வியும் எழும்: வெட்டே இல்லாத நாளில் அவர் அந்நேரத்தில் தோட்டத்துக்குள் என்ன செய்தார்?

வடசேரி வாசகி எழுதியது:

அண்ணன், இதைத்தான் கேட்டேன்! இடத்தைக் கொண்டுபோய் வேறெங்கும் நட முடியாத துப்பு. திருநெல்வேலியில்கூட இந்தக் கதை நடக்காது. ஒரு தொழிலாளியே துப்பறிகிறவராகவும் இருக்கலாம். ரிச்சர்ட் ஆஸ்மனின் 'த தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020) நினைவுக்கு வருகிறது. முதியோர் குடியிருப்பில் வாழும் நால்வர் பழைய வழக்குகளைத் துருவுகிறார்கள். காவல்துறை அவர்களைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதுவே அவர்களுடைய பலம். பிள்ளைகள் எல்லோரும் வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்ட பெரிய வீடுகள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாலையில் திண்ணையில் கூடும் நான்கு பாட்டிகளுக்குத் தெரியாத எந்தச் செய்தி அந்தத் தெருவில் உண்டு?

அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்தது கொலை அல்ல. மறதி நோயால் மெல்லத் தேயும் கணவரைக் கூட வைத்துக்கொண்டு ஒரு பெண் துப்பறிகிறாள். அவர்கள் பேசிக்கொள்ளும் பக்கங்களில் மர்மத்தை மறந்துவிட்டேன்.

முட்டம் கடற்காற்று எழுதியது:

கடல் பக்கத்துக்காரன் நானும் ஒரு துப்பைத் தருகிறேன். நம் மாவட்டத்துக்கு மட்டும் விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். ஜூன் 20 இரவு குளச்சலிலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போனேன் என்று ஒருவன் சொன்னால், அவன் பொய் சொல்கிறான் அல்லது சட்டத்தை மீறியிருக்கிறான். அதே நாளில் சின்னமுட்டத்திலிருந்து போனேன் என்றால் அது சரியான வாக்குமூலம். ஒரே மாவட்டம், இரண்டு கணக்கு. வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் இந்தத் தடை கிடையாது என்பதையும் எழுதுகிறவர் மறக்கக்கூடாது.

ஆனால் ஒரு வேண்டுகோள். 'கடலுக்குப் போனவர் திரும்பவில்லை' என்று எளிதாக ஒரு வரி எழுதிக் கதையைத் தொடங்காதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்துபோன பிறகு எங்கள் கடற்கரையில் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. காணாமற்போனவர் இறந்ததாகக் கருதச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டுகள் கேட்கிறது என்று கேட்டபோது அந்தப் பெண்களின் முகம் எப்படி ஆனது என்று பார்த்தவன் நான். அதை எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதினால் அந்த ஏழு ஆண்டுகளையும் எழுதுங்கள். கடைசி அத்தியாயத்தில் அவர் வேறு பெயரில் உயிரோடு வந்து நிற்பதாகத் திருப்பம் வைத்தால், எங்கள் ஊரில் அந்தப் புத்தகத்தை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

ஆசாரிப்பள்ளம் செவிலி எழுதியது:

கடற்காற்று அண்ணன் சொன்னது மனத்தைத் தைத்தது.

நீரில் கிடைக்கும் சடலம் பற்றி ஒரு செய்தி, எழுதுகிறவர்களுக்குப் பயன்படலாம். உயிரோடு மூழ்குகிறவர் மூச்சோடு நீரையும் இழுக்கிறார். நீரிலுள்ள டையட்டம் என்னும் நுண்பாசிகள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைவரை போகும். இறந்த பிறகு நீரில் தள்ளப்பட்டவருக்கு இரத்த ஓட்டம் இல்லை, அதனால் மஜ்ஜைக்குள் அவை போவதில்லை. கடலில் இருக்கும் நுண்பாசி வகைகள் வேறு, குளத்தில் இருப்பவை வேறு. குளங்களும் கால்வாய்களும் அணைகளும் கடலும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் மாவட்டம் நம்முடையது. குளத்தில் மூழ்கடித்துக் கடலில் போட்டவன் இங்கே மாட்டிக்கொள்வான். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது என்று மருத்துவர்களே எச்சரிப்பார்கள். மற்றச் சான்றுகளும் வேண்டும். நாவலில் ஆய்வக அறிக்கை வந்த உடனே எல்லாம் முடிந்துவிடுவது பார்க்கச் சகிக்கவில்லை.

தோவாளை மலர் எழுதியது:

எல்லோரும் சடலத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தலைப்பில் காதல் நாவலும் இருக்கிறதே, அக்கா!

எங்கள் வீட்டில் பூ வியாபாரம். விடியும் முன் சந்தை தொடங்கிவிடும். மற்ற வேலைகள் எல்லாம் முடிந்து இரவில் எனக்குக் கிடைப்பது அரைமணி நேரம். அப்போது கைப்பேசியில் இணையத் தொடர்களைப் படிக்கிறேன். பிரதிலிபியிலும் வேறு தளங்களிலும் பெண்கள் எழுதுகிறார்கள், பெண்கள் படிக்கிறோம். ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் கருத்துச் சொல்கிறோம். ரமணிசந்திரன் நாவல்களை என் அம்மா நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்தார். அதே மகிழ்ச்சி எனக்கு இங்கே கிடைக்கிறது. முடிவில் இருவரும் சேர்வார்கள் என்று முன்பே தெரியும். அது தெரிந்தால்தான் நான் படிக்கவே தொடங்குவேன். நாள் முழுவதும் நிச்சயமில்லாத விலைகளோடு போராடுகிற எனக்கு, நிச்சயமான ஒரு முடிவு வேண்டும். இதைத் தரக்குறைவாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வடசேரி வாசகி எழுதியது:

மலர், நான் தரக்குறைவாகப் பேசப்போவதில்லை. முடிவு தெரிந்திருப்பது குறையே அல்ல. ஹிகாஷினோவும் கொலையாளியை முதலிலேயே சொல்லிவிட்டுத்தானே தொடங்குகிறார்? எப்படி என்பதில்தான் கதை இருக்கிறது. எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) படித்தேன். காதல் கதை எழுதும் பெண்ணும், இலக்கியம் எழுதும் ஆணும் அடுத்தடுத்த வீடுகளில் கோடையைக் கழிக்கிறார்கள். ஒருவர் எழுதும் வகையை இன்னொருவர் எழுதிப் பார்க்கப் பந்தயம் கட்டுகிறார்கள். சேர்வார்கள் என்பது முதல் சண்டையிலேயே தெரியும். ஆனால் இறந்துபோன தந்தையைப் பற்றி அவளுக்குத் தெரியவந்த உண்மையை அவள் எப்படித் தாங்கப்போகிறாள் என்பது தெரியாது. அதற்காகப் படித்தேன்.

என் சண்டை வேறு இடத்தில். நம் இணையத் தொடர்களில் 'ஆன்டி ஹீரோ' என்று ஒருவன் வருகிறான். பணக்காரன், கோபக்காரன். பழிவாங்குவதற்காக அவள் கழுத்தில் பலவந்தமாகத் தாலி கட்டுகிறான். அறைகிறான், பூட்டி வைக்கிறான். இருபதாம் அத்தியாயத்தில் அவனுக்குச் சிறுவயதில் நடந்த துயரம் சொல்லப்படுகிறது. இருபத்தைந்தில் அவள் அவன் தோளில் சாய்கிறாள். கட்டாயத் தாலி எந்தப் பெண்ணுக்கும் காதலின் தொடக்கமாக இருக்க முடியாது. காதல் நாவல் நமக்குத் தரும் வாக்குறுதி இருவரும் சேர்வார்கள் என்பது மட்டுமா? சேருவது அவளுடைய விருப்பத்தோடு என்பதும் அந்த வாக்குறுதியில் அடங்கியது. தடயத்தை மறைக்கும் மர்ம எழுத்தாளர் என்னை ஏமாற்றுகிறார் என்றால், அடியை அன்பென்று எழுதும் காதல் எழுத்தாளர் அதைவிடக் கொடிய ஏமாற்றைச் செய்கிறார். மர்ம நாவலைப் படித்து யாரும் கொலை செய்யக் கிளம்புவதில்லை. அவன் மாறிவிடுவான் என்று காத்திருந்து அடிபடும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

தோவாளை மலர் எழுதியது:

கட்டாயத் தாலிக் கதைகளை நானும் பாதியில் விட்டிருக்கிறேன், அக்கா. ஆனால் அந்தத் தொடர்களின் கீழே வரும் கருத்துகளையும் நீங்கள் படிக்க வேண்டும். 'இவனை விட்டு அவள் போக வேண்டும்' என்று வரிசையாகப் பெண்கள் எழுதுகிறார்கள். சிலர் தங்கள் வாழ்க்கையை எழுதுகிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை அங்கே சொல்கிறார்கள். எழுத்தாளர் கதைப்போக்கை மாற்றி, நாயகியை வேலைக்கு அனுப்பி, அவனைப் பல அத்தியாயங்கள் தவிக்கவிட்டதையும் பார்த்திருக்கிறேன். அச்சில் வந்துவிட்ட புத்தகத்தில் அது முடியுமா?

காலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) என் தங்கை சொல்லிப் படித்தேன். நாயகி பூக்கடை வைக்கிறாள் என்பதால் எனக்கு முதலிலேயே ஒட்டிக்கொண்டது. காதல் நாவல் வரிசையில் விற்கிறார்கள். ஆனால் அது அடிக்கும் கணவனைப் பற்றியது. அவனை நமக்கும் பிடிக்கும்படி முதலில் எழுதிவிடுகிறார். அதனால்தான் அவள் ஏன் உடனே வெளியேறவில்லை என்று நாம் கேட்க முடியாமல் போகிறது. உங்கள் கேள்விக்கு அந்தப் புத்தகம் பதில் சொல்லுமா, அக்கா?

வடசேரி வாசகி எழுதியது:

சொல்கிறது. அவன் துயரமான பழைய கதையைச் சொல்கிறான். அவளுக்கு இரக்கமும் வருகிறது. ஆனால் இரக்கம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாக நாவல் பாசாங்கு செய்யவில்லை. மேற்கொண்டு சொன்னால் படிக்காதவர்களுக்குக் கெட்டுவிடும். அட்டையையும் விளம்பரத்தையும் பார்த்து இனிப்பான காதல் என்று நினைத்து வாங்குகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு முன்னெச்சரிக்கை வேண்டும் என்பது மட்டும் என் குறை. கருத்துகளைப் படிக்கச் சொன்னீர்கள். இரண்டு தொடர்களின் பெயரை அனுப்புங்கள், படிக்கிறேன்.

பழையாற்றங்கரை எழுதியது:

வயதில் மூத்தவன் என்ற முறையில் இரண்டு சொல். திருப்பமும் நேர்மையும் பற்றிய இந்தச் சண்டை பழையது. 1926இல் கிறிஸ்டியின் 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' வந்தபோதே வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்ட வேண்டும், துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் காட்ட வேண்டும் என்பவை அவற்றில் சில. வாசகி கேட்பதும் இதுவே.

தமிழிலும் நூறாண்டு கடந்த மரபு இது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று தொடங்கி, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேன்–வைஜயந்தி என்று வந்திருக்கிறோம். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானமா என்று கணேஷையும் வசந்தையுமே எதிரெதிர்க் கட்சியில் நிறுத்திவிடுகிறது. துப்பறிகிறவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு! அதைப் போல இன்று எழுதுகிறவர்கள் யார் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

நம் ஊர்க் கதைக்கு என் பங்கு: நாஞ்சில் நாட்டில் வேளாளர்களிடையே மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். அதனால் சீரழிந்த குடும்பங்களைக் கவிமணி பாடியிருக்கிறார். 1926இல் சட்டம் வந்து அந்த முறை மாறியது. சட்டம் வருவதற்கு முந்தைய மாதங்களில் ஒரு காரணவர், அதாவது குடும்பத் தலைவர், இறந்துபோகிறார் என்று வையுங்கள். சட்டத்துக்கு முன்பே இறந்தால் லாபம் சகோதரி மகனான மருமகனுக்கு. பின்னால் இறந்தால் பிள்ளைகளுக்கு. வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் எந்த நாளில் சாக வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கும்.

தக்கலை வக்கீல் எழுதியது:

அண்ணாச்சி, இதை நீங்களே எழுதுங்கள். சட்டத்துக்கு நான் பொறுப்பு.

குழித்துறை இரவுவாசகன் எழுதியது:

இந்தக் கதையை இரவு முழுக்க விழித்திருந்து படிப்பேன். ஆனால் அத்தியாயத்தை அதிர்ச்சியில் முடியுங்கள் ஐயா, என் கட்சியை நான் விடுவதாக இல்லை.

வாசகி அக்காவுக்கும் ஒரு கதைக்களம்: வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையில் 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பாறைக்குப் போனவர்கள் கரைக்குத் திரும்ப முடியாமல் ஓர் இரவு சிக்கிக்கொண்டால்? கிறிஸ்டியின் தீவு நம் வாசலிலேயே இருக்கிறது.

பார்வதிபுரம் மாணவி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நான் இதுவரை இணையக் காதல் தொடர்கள் மட்டுமே படித்திருக்கிறேன். மர்மத்தில் எதிலிருந்து தொடங்கலாம், அக்கா? ஆங்கிலம் ஓரளவுக்கு வரும். எல்லாவற்றையும் விலைக்கு வாங்க முடியாது.

வடசேரி வாசகி எழுதியது:

முதலில் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகள். தமிழில் உரையாடல் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்று தெரியும். நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உறுப்பினர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், செலவு மிகக் குறைவு. இரண்டாவது, கிறிஸ்டியின் தீவுக்கதை. அவருடைய ஆங்கிலம் எளிமையானது, உங்களுக்குத் தடுக்காது. மூன்றாவது ஹிகாஷினோ. காதல் தொடர்களிலிருந்து வருகிற உங்களுக்கு அந்தக் கணித ஆசிரியரை என்னைவிட நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். 'த சைலண்ட் பேஷண்ட்' படிப்பதாக இருந்தால் இவற்றுக்குப் பிறகு படியுங்கள்.

எல்லோரும் சேர்ந்து ஒன்று படிப்போமா? பழையாற்றங்கரை ஐயா சொன்ன 'ரோஜர் அக்ராய்ட்' என் தேர்வு. வேகமும் நேர்மையும் பற்றி நானும் குழித்துறைத் தம்பியும் போடும் சண்டைக்கு அதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது. மாதக் கடைசிக்குள் சரிபாதி வரை படித்து நிறுத்துங்கள். யார்மேல் சந்தேகம், எந்தப் பக்கத்திலுள்ள எந்த வரியால் என்று காரணத்தோடு புதிய இழையில் எழுதுங்கள். வெறும் பெயரை மட்டும் எழுதினால் கணக்கில் எடுக்க மாட்டேன். ஏற்கெனவே படித்தவர்கள் அந்த இழையில் மாதம் முடியும்வரை வாய் திறக்க வேண்டாம். வக்கீல் சார், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.